காந்தம் வைத்தும் நின்ற துடிப்பு: நெஞ்சில் கருவி உள்ளவருக்கு எண்டோஸ்கோபி அறையில் நடந்தது

இந்த நிகழ்வில் நோயாளிக்கு நிரந்தரக் கேடு எதுவும் ஏற்படவில்லை. ஆனாலும் ஏறக்குறைய ஆறு விநாடி அவருடைய இதயம் துடிக்கவில்லை. எண்டோஸ்கோபி செய்துகொண்டிருந்த என் கால் அழுத்திய, மின்சாரத்தால் சுடும் கருவியின் மிதிதான் அதற்குக் காரணம். அவரும் அவர் மகளும் சம்மதித்த பிறகே, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். எண்டோஸ்கோபி அறையில் வேலை செய்யும் மருத்துவர்களும் செவிலியர்களும் டெக்னீஷியன்களும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வந்தபோது

எழுபதைக் கடந்தவர். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று வந்தார். ஹீமோகுளோபின் 6.4 இருந்தது. மூன்று மாதமாகவே மலம் கறுப்பாகப் போயிருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதால் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாத்திரையால் கறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் தார் போல ஒட்டிக்கொண்டு, தனி நாற்றத்தோடு போனால் அது மாத்திரையின் வேலை இல்லை. அவருக்கு அப்படித்தான் போயிருக்கிறது.

முன்பு ஒரு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். தினமும் ஆஸ்பிரின் எடுக்கிறார். உள்ளூர் மருத்துவர் கொடுத்தனுப்பிய கடிதத்தில் "ஆறு வருடம் முன்பு பிபிஐ" என்று ஒரு வரி இருந்தது. எங்கள் துறையில் பிபிஐ என்றால் பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை. இதயத் துறையில் அதே மூன்று எழுத்துக்கு நிரந்தர பேஸ்மேக்கர் (இதயத்துக்குத் துடிப்பைக் கொடுக்கும் கருவி) பொருத்துதல் என்று பொருள். டூட்டி மருத்துவர் அதை மாத்திரைப் பட்டியலில் எழுதிவிட்டார். ஈசிஜி எடுக்கப் போன சிஸ்டர்தான் இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பெட்டி ஒன்று தடித்துத் தெரிவதைப் பார்த்துச் சொன்னார். மகளிடம் கேட்டோம். "ஆமா டாக்டர், அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வெச்சிருக்கு" என்றார். கருவியின் விவரம் அச்சிட்ட கார்டு வீட்டில் இருக்கிறது, ஊருக்குப் போனால்தான் எடுக்க முடியும் என்றும் சொன்னார்.

சரி, பேஸ்மேக்கர் என்று கேஸ் ஷீட்டில் எழுதினோம். அந்த ஒரு சொல்லை அதற்கு மேல் யாரும் சோதிக்கவில்லை.

முதல் எண்டோஸ்கோபி

இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றியபின் மறுநாள் எண்டோஸ்கோபி செய்தேன். இரைப்பையின் கீழ்ப்பகுதியில், அது சிறுகுடலுக்குத் திறக்கும் வாயை நோக்கி, தர்பூசணித் தோலில் இருப்பது போலச் சிவப்புக் கோடுகள் ஓடின. அங்கங்கே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. தர்பூசணி வயிறு என்றே இதற்குப் பெயர் உண்டு. விரிந்துபோன சிறு ரத்தநாளங்கள் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதால் ரத்தம் குறையும். பெரும்பாலும் இது திடீரென்று கொட்டும் நோய் அல்ல.

இந்தச் சோதனையில் மின்சாரம் எதுவும் பயன்படவில்லை. உள்ளே பார்ப்பது, சதைத்துண்டு எடுப்பது, கிளிப் போடுவது, ஊசி போடுவது ஆகியவற்றுக்கும் நெஞ்சில் உள்ள கருவிக்கும் சம்பந்தமே இல்லை. இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. "பேஸ்மேக்கர் இருக்கிறது, எண்டோஸ்கோபி வேண்டாம்" என்று வேறு இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தால் புற்றுநோயைத் தாமதமாகக் கண்டுபிடிக்க நேர்ந்தால் அந்த இழப்பு மிகப் பெரியது.

கசிவை நிறுத்த ஆர்கான் பிளாஸ்மா சிகிச்சை செய்வதென்று முடிவெடுத்தோம். குழாய் முனையிலிருந்து வரும் ஆர்கான் வாயு வழியாக மின்சாரம் பாய்ந்து இரைப்பையின் உட்பரப்பைச் சுட்டு ரத்தநாளங்களை அடைக்கும். இப்படி மின்சாரத்தால் சுடுவதைக் காட்டரி என்போம். பாய்ந்த மின்சாரம் உடம்பு வழியே போய், தொடையில் ஒட்டிய தகட்டின் வழியே இயந்திரத்துக்குத் திரும்ப வேண்டும். காட்டரி முனையிலிருந்து தகடு வரைக்கும் உடம்பே கம்பியாகிறது. கருவி உள்ளவர்களுக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சிகிச்சைக்கு முன் எடுத்த முடிவுகள்

ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்புக்கு முன்னும் கருவியின் கூரிய கோடு தெரிந்தது. நிமிடத்துக்குச் சரியாக 60. ஒரு துடிப்புகூட அவருடைய சொந்தத் துடிப்பாக இல்லை. கருவியையே நம்பி ஓடும் இதயம் என்று எடுத்துக்கொண்டோம். அந்தக் கணிப்பு சரிதான்.

தகட்டை வலது தொடையில் ஒட்டச் சொன்னேன். அப்படிச் செய்தால் வயிற்றிலிருந்து தொடைக்குப் போகும் மின்சாரம் நெஞ்சுப் பக்கம் போகாது. அதுவும் சரிதான். கருவியின் மேல் வளையக் காந்தம் ஒன்றை வைத்துப் பிளாஸ்டர் போட்டோம். பேஸ்மேக்கர் மேல் காந்தம் வைத்தால், இதயம் என்ன செய்கிறது என்று கேட்பதை அது நிறுத்திவிட்டு, நிலையான வேகத்தில் தானாகத் துடிப்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். காட்டரியின் மின் இரைச்சலால் அது ஏமாறாது. பல வருடமாக நாங்கள் இப்படித்தான் செய்துவந்தோம், பிரச்சினை வந்ததில்லை.

இதயத் துறையை அழைக்கவில்லை. எங்கள் மருத்துவமனையில் கருவியைச் சோதிக்கவும் மாற்றவும் உதவும் புரோகிராமர் என்ற இயந்திரம் இல்லை. நிறுவன டெக்னீஷியன் வேறு ஊரிலிருந்து வர வேண்டும். காந்தம் போதும் என்று நினைத்தேன். அந்த முடிவு என்னுடையது.

அந்த ஆறு விநாடி

மயக்கவியல் மருத்துவர் லேசாக மயக்கம் கொடுத்தார். காந்தம் வைத்த சமயத்தில் எங்கிருந்தோ மெல்லிய ஒலி ஒன்று கேட்டது. சிரிஞ்ச் பம்ப் என்று நினைத்து சிஸ்டர் அதை எட்டிப் பார்த்தார், பம்ப் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒலியும் நின்றுவிட்டது. மானிட்டரில் துடிப்பு 60. காந்தம் வைத்த பிறகும் 60.

முதல் இரண்டு முறை ஒவ்வொரு விநாடி மட்டும் சுட்டேன். எதுவும் மாறவில்லை. மூன்றாவது முறை ஒரு கோட்டை நீளமாகப் பூசுவதுபோல இழுத்தேன், மிதியிலிருந்து கால் எடுக்கவில்லை. மானிட்டரில் ஈசிஜி முழுக்க இரைச்சலாகிவிட்டது. எண் 140 என்று காட்டியது. பீப் ஒலி அந்த ஈசிஜியை எண்ணியே ஒலித்ததால் அதுவும் நிற்காமல் கேட்டது. மயக்கவியல் மருத்துவர் ஈசிஜியைப் பார்க்காமல், விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டரின் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தட்டையாகப் போய்விட்டது.

"விடுங்க, காலை எடுங்க!"

எடுத்தேன். ஓரிரு விநாடியில் அலை திரும்ப எழுந்தது. கழுத்து நாடியைத் தொட்டுப் பார்த்தோம், நன்றாக இருந்தது. ரத்த அழுத்தம் 104/60. நோயாளி மயக்கத்திலேயே இருந்தார். பதிவை ஓட்டிப் பார்த்தபோது தட்டையான பகுதி ஏறக்குறைய ஆறு விநாடி. என் கால் மிதியில் இருந்த நேரமும் அவ்வளவுதான்.

ஷாக் கொடுக்கும் இயந்திரம் அறையின் மூலையில் இருந்தது. அதன் பேடுகளை நோயாளியின் உடம்பில் ஒட்டியிருக்கவில்லை. துடிப்பு திரும்பாமல் போயிருந்தால், பேடைப் பிரித்து ஒட்டுவதற்கே அரை நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

நிறுத்துவதா, தொடர்வதா

அப்போது மூன்று வழிகளைப் பற்றிப் பேசினோம். கால் எடுத்தால் துடிப்பு வருகிறது என்பதால், ஒரு விநாடிக்கு மேல் சுடாமல் விட்டுவிட்டுத் தொடரலாம். அல்லது ஆர்கானை விட்டுவிட்டு ரப்பர் வளையம் போட்டுக் கட்டலாம். தர்பூசணி வயிற்றுக்கு அது நல்ல மாற்றுதான், மின்சாரமும் வேண்டாம். இல்லையென்றால் அன்றைக்கு நிறுத்திவிடலாம்.

நிறுத்தினோம். கசிவு மெதுவானது. ரத்தம் ஏற்றி இரண்டு மூன்று நாள் தாங்கலாம். அவசரம் இல்லாத இடத்தில், காரணம் தெரியாத ஓர் ஆபத்தை மறுபடி தொட்டுப் பார்ப்பதில் நியாயம் இல்லை. வளையம் போட்டால் அது உதிரும் இடத்தில் புண் வரும். ஆஸ்பிரின் எடுப்பவருக்கு அதையும் யோசிக்க வேண்டியிருந்தது. நோயாளி நடுவே பெருவாரியாக ரத்தம் கொட்டும் நிலையில் இருந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்போம். அப்போது அட்ரினலின் ஊசி, கிளிப் என்று போயிருப்பேன்.

எக்ஸ்ரேயில் இருந்த விடை

மயக்கம் தெளியும்போது, அனுமதிக்கப்பட்ட நாளில் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயை நானும் மயக்கவியல் மருத்துவரும் விளக்கில் மாட்டிப் பார்த்தோம். நுரையீரல், இதய அளவு பற்றி அதில் அறிக்கை எழுதியிருந்தார்கள். இதயத்துக்குள் போகும் கம்பியின் ஒரு பகுதி மட்டும் மற்றதைவிடத் தடித்து, சுருள்போலத் தெரிந்தது. அது ஷாக் கொடுக்கும் சுருள். சாதாரண பேஸ்மேக்கர் கம்பியில் அது இருக்காது.

அவர் நெஞ்சில் இருந்தது ஐசிடி. துடிப்பையும் கொடுக்கும், இதயம் ஆபத்தான வேகத்தில் ஓடினால் உள்ளிருந்தே ஷாக்கும் கொடுக்கும் கருவி.

மறுநாள் மகள் ஊருக்குப் போய் பீரோவிலிருந்து கார்டை எடுத்துவந்தார். அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது. "எல்லாரும் பேஸ்மேக்கர்னுதான் சொன்னாங்க டாக்டர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்மேல் குற்றமே இல்லை. உடம்புக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கர் 1958ல் சுவீடனில் வந்தது, முதல் ஐசிடி 1980ல் அமெரிக்காவில். முன்னால் வந்த பெயர்தான் மக்கள் வாயில் நின்றது. நெஞ்சில் எந்தப் பெட்டி இருந்தாலும் பேஸ்மேக்கர்தான். பிரித்தறிய வேண்டியது எங்கள் வேலை.

ஏன் அப்படி நடந்தது

காந்தத்துக்கு இரண்டு கருவிகளும் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன. பேஸ்மேக்கர், கேட்பதை விட்டுவிட்டுத் துடிப்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஐசிடியோ பொதுவாக ஷாக் கொடுப்பதை மட்டும் நிறுத்திவைக்கும். துடிப்புக் கொடுக்கும் முறையில் ஒன்றும் மாறாது. அது இதயத்தைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். காட்டரியின் இரைச்சலை இதயத்தின் சொந்தத் துடிப்பு என்று நினைத்து, "இதயம் ஓடுகிறது, நான் கொடுக்க வேண்டாம்" என்று சும்மா இருந்துவிடும். சொந்தத் துடிப்பே இல்லாத இவருக்கு அது முழு நிறுத்தம்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. மிக நுண்ணிய அதிர்வுகளாக வரும் ஆபத்தான துடிப்பைத் தவறவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் ஐசிடி தன் காதை மேலும் மேலும் கூர்மையாக்கிக்கொள்ளும். சில கருவிகளில் 0.3 மில்லிவோல்ட் வரை. அதனால் தகட்டைச் சரியான இடத்தில் ஒட்டியும் இரைச்சல் அதற்குக் கேட்டிருக்கிறது. தொப்புளுக்கு மேலே காட்டரி போடும்போது ஆபத்து கூடுதல், கீழே குறைவு என்பதுதான் பொதுவான கணக்கு. இரைப்பை மேலே இருக்கிறது. இதயத்தின் அடிப்புறத்துக்கும் அதற்கும் நடுவே உதரவிதானம் மட்டும்தான்.

காந்தம் ஓர் உதவி செய்தது. அது இல்லாதிருந்தால், அந்த இரைச்சலையே ஆபத்தான துடிப்பு என்று எண்ணி விழிப்பு குறைந்து கிடந்த மனிதருக்குக் கருவி ஷாக் கொடுத்திருக்கலாம்.

இரண்டு அறிகுறிகள் எங்கள் கண்ணெதிரே இருந்தன. அந்த மெல்லிய ஒலி கருவியிலிருந்தே வந்தது. சில நிறுவனங்களின் ஐசிடிகள் காந்தம் பட்டால் ஒலி எழுப்பும். இரண்டாவது, இதைவிட முக்கியமானது: காந்தம் வைத்தும் துடிப்பு 60லேயே இருந்தது. பேட்டரி நன்றாக உள்ள மெட்ரானிக் பேஸ்மேக்கர் என்றால் 85க்குப் போயிருக்கும், பாஸ்டன் சயின்டிஃபிக் என்றால் 100க்கு. எண் மாறவில்லை என்றால், நாம் நினைப்பது நடக்கவில்லை என்று பொருள். அந்த எண்ணைப் பார்க்கவே நாங்கள் பழகியிருக்கவில்லை. காந்தத்தை ஒட்டியதும் வேலை முடிந்ததாக நினைத்தோம்.

நோயாளியிடம் சொன்னது

அன்று மாலை வார்டுக்குப் போய், அவரிடமும் மகளிடமும் நடந்ததை அப்படியே சொன்னேன். "ஐயா, ஆறு விநாடி உங்க இதயம் நின்னுபோச்சு. நாங்க கருவியைச் சரியாத் தெரிஞ்சுக்காம செஞ்சதால வந்தது." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "மறுபடி செய்யணுமா?" என்று மட்டும் கேட்டார். மகள் அழுதார். வேறு மருத்துவமனைக்குப் போக விரும்பினால் எல்லாத் தாள்களையும் கொடுத்து, நானே அங்கே பேசுகிறேன் என்றேன். மறுநாள் காலையில் இங்கேயே செய்துகொள்கிறோம் என்றார்கள்.

இரண்டாம் முறை

மூன்று நாள் கழித்து, இதய மருத்துவரின் மேற்பார்வையில் நிறுவன டெக்னீஷியன் புரோகிராமரோடு வந்தார். பதிவில் நூற்றுக்கு 99க்கு மேல் கருவி கொடுத்த துடிப்புகளே. ஷாக் எதுவும் போகவில்லை. பேட்டரியும் கம்பிகளும் சேதமில்லாமல் இருந்தன.

செய்த வரிசை இது. முதலில் ஷாக் பேடுகளை நெஞ்சின் முன்னும் முதுகிலும், கருவிப் பெட்டிமேல் படாமல் ஒட்டினோம். அதன் பிறகே ஐசிடியின் ஷாக் கொடுக்கும் வேலையை நிறுத்தினோம். இந்த வரிசை மாறக் கூடாது. நடுவில் ஒரு நிமிடம்கூட அவர் பாதுகாப்பில்லாமல் இருக்கக் கூடாது. அடுத்து, எதையும் கேட்காமல் நிமிடத்துக்கு 80 துடிப்பு கொடுக்கும்படி கருவியை மாற்றினார்கள். மானிட்டரில் 80 வந்ததை மூன்று பேரும் வாய்விட்டுச் சொன்னோம். பீப் ஒலியை ஆக்ஸிமீட்டர் அலைக்கு மாற்றினோம். ஒவ்வொரு முறையும் இரண்டு விநாடிக்கு மேல் சுடவில்லை. அலை ஒரு தடவையும் தளரவில்லை.

முடிந்ததும் அவசரத்தில் ஒன்று நடக்கப் பார்த்தது. அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தார், வார்டுபாய் ட்ராலியைத் தள்ள வந்துவிட்டார். சிஸ்டர் ட்ராலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆன் பண்ணின பிரிண்ட் எங்க சார்?" என்று டெக்னீஷியனைக் கேட்டார். அவர் துடிப்பு முறையைத் திருப்பியிருந்தார். ஷாக் வேலையை இன்னும் திருப்பவில்லை. அப்படியே வார்டுக்குப் போயிருந்தால், நெஞ்சில் ஐசிடி இருந்தும் இல்லாதவர் நிலைதான். முதல் நாள் நடந்ததைவிட இது எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது. ஆறு விநாடியை நாங்கள் கண்ணால் பார்த்தோம், இதை யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

பிறகு

நான்கு வார இடைவெளியில் இன்னும் இரண்டு முறை ஆர்கான் சிகிச்சை செய்தோம், இதே முறையில். இரும்புச்சத்தை ஊசியாக ஏற்றினோம். மூன்றாவது மாதத்தில் ஹீமோகுளோபின் 10.6. படியேறுகிறார். கார்டின் நகல் ஒன்று எங்கள் கோப்பிலும், ஒன்று உள்ளூர் மருத்துவரிடமும் இருக்கிறது.

மாற்றியவை, மாறாதவை

பேஸ்மேக்கர் என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இப்போது யாருக்கும் காட்டரி போடுவதில்லை. கார்டு வேண்டும், இல்லையென்றால் எக்ஸ்ரேயை நானே பார்க்க வேண்டும். என்ன கருவி, இதயம் அதை நம்பி ஓடுகிறதா, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் எழுதாமல் நோயாளி அறைக்குள் வருவதில்லை. பிபிஐ என்ற சுருக்கத்தை எங்கள் தாள்களில் தடை செய்துவிட்டோம்.

காந்தத்தைக் கைவிடவில்லை. அதை வைத்தால் எண் மாறுகிறதா என்று பார்க்கிறோம், மாறாவிட்டால் நிறுத்துகிறோம். மாறினாலும் அது நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில பயோட்ரானிக் பேஸ்மேக்கர்கள் முதல் பத்துத் துடிப்புக்கு மட்டும் 90ல் ஓடிவிட்டுப் பழைய முறைக்கே திரும்பிவிடும். இதயத்துக்குள்ளேயே வைக்கும் மைக்ரா என்ற கம்பியில்லாத சிறு பேஸ்மேக்கர் காந்தத்தை உணரவே உணராது. நெஞ்சில் தடிப்பும் இருக்காது, தொட்டுப் பார்த்தும் தெரியாது. நோயாளியிடம் வாய்விட்டுக் கேட்டால்தான் உண்டு.

பெருங்குடலில் 10 மில்லிமீட்டருக்குள் இருக்கும் சிறு பாலிப்புகளை (சதை வளர்ச்சிகளை) மின்சாரம் இல்லாத கம்பி வளையத்தாலேயே எடுக்கிறோம். இது கருவி இல்லாதவர்களுக்கும் நல்ல முறைதான். கருவி இருக்கிறது என்பதற்காக மட்டும் எண்டோஸ்கோபிக்கு முன் ஆன்டிபயாடிக் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் இருந்தது. அதற்குத் தேவையில்லை என்பதால் அதையும் விட்டுவிட்டோம்.

இரவு நேரத்துக்கு இன்னும் முழு வழி கிடைக்கவில்லை. புரோகிராமர் பகலில், சொல்லிவைத்தால்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை இரவு ஐசிடி உள்ள ஒருவர் ரத்த வாந்தியோடு வந்தால் பேடு ஒட்டி, ஊசியும் கிளிப்பும் வைத்துப் பார்ப்போம். காட்டரி தேவைப்பட்டால், இரண்டு முனைக்கு நடுவே மட்டும் மின்சாரம் ஓடும் பைபோலார் கருவியை எடுப்போம். அதுவும் போதாமல் போனால் காந்தத்தை வைத்து ஷாக்கைத் தடுத்து, ஒவ்வொரு விநாடியாகச் சுட வேண்டியதுதான். ஒருவர் அலையை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மருத்துவமனைக்கென்று ஒரு புரோகிராமர் வாங்கித்தரக் கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு நிறுவனக் கருவிக்கும் தனித்தனி புரோகிராமர் வேண்டும் என்பதால் ஒன்றோடு அது முடியாது.